பாலும் நெய்யும் கோதுமையும் இல்லாத முந்திரி ஃபட்ஜ், மும்பை வெக்கையில் கெட்டியாக நிற்குமா?

செம்பூர் வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எட்டு வயதான என் மகளுக்குச் சீலியாக் நோய் இருப்பதால் கோதுமை, மைதா, ரவை எதுவும் ஆகாது. பாலில் உள்ள புரதத்துக்கும் அவளுக்கு ஒவ்வாமை உண்டு. எங்களோடு இருக்கும் மாமனாருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். சென்ற தீபாவளியன்று பலகாரத் தட்டு வந்தபோதெல்லாம் குழந்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது என் மனத்தை விட்டு இன்னும் போகவில்லை. இந்த ஆண்டு அவளும் சாப்பிட்டு, எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளுக்கும் அவள் கையாலேயே கொடுக்கக்கூடிய ஓர் இனிப்பை வீட்டில் செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

சென்ற மாதம் இணையத்தில் பார்த்த ஒரு குறிப்பின்படி முந்திரி விழுது ஒரு கப், தேங்காய் எண்ணெய் அரை கப், கொஞ்சம் தேன் சேர்த்து, ஃபட்ஜ் என்ற கட்டி இனிப்பைச் செய்து பார்த்தேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்தபோது கத்தி வைத்த இடத்தில் கோடு போட்டாற்போல் அழகாக வெட்ட வந்தது. அதை டப்பாவில் அடுக்கிக்கொண்டு, குர்லாவில் வண்டி மாறித் தாணேயில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்த் திறந்தால், அடியில் எண்ணெயும் மேலே கூழும்தான் இருந்தன. அளவில் தவறா, செய்முறையில் தவறா என்று தெரியவில்லை. சர்க்கரைக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் போட்டால் ஒரே தட்டைக் குழந்தைக்கும் மாமனாருக்கும் கொடுத்துவிடலாமா? நெய் உருக்கும்போது பால் பகுதி வடிந்துவிடுகிறது, ஆகவே வீட்டு நெய் பரவாயில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மாட்டுங்கா சமையலறை:

சகோதரி, உங்கள் அளவில் தவறில்லை. அந்தக் குறிப்பு நம் ஊருக்கானது அல்ல, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். குளிர் நாடுகளில் சமையலறையே அதற்குக் கீழே இருப்பதால் அங்கே அது வெண்ணெய் போல உறைந்து நின்று மற்றதைத் தாங்கிப் பிடிக்கிறது. ஐப்பசி மாதத்து மும்பையில், அதுவும் ரயில் பெட்டியின் நெரிசலில், அது எண்ணெயாகத்தான் இருக்கும். கொழுப்பை நம்பி நிற்கும் இனிப்பு எதுவும் இங்கே குளிர்பெட்டியை விட்டு வெளியே வர முடியாது. சர்க்கரையை நம்பி நிற்கும் இனிப்புதான் இங்கே தாங்கும்.

மேலை நாட்டு ஃபட்ஜும் முதலில் அப்படிப்பட்டதுதான். சர்க்கரையையும் பாலையும் வெண்ணெயையும் ஏறக்குறைய 115 டிகிரி வரை காய்ச்சி, அசைக்காமல் ஆறவிட்டு, பிறகு கிளறும்போது சர்க்கரை மிக நுண்ணிய படிகங்களாக மாறுகிறது. அந்தப் படிகங்கள்தான் அதைக் கட்டியாக நிறுத்துகின்றன. நம்முடைய முந்திரி கத்லியிலும் நடப்பது இதே வேலைதான். பாலுக்குப் பதில் அங்கே முந்திரியின் சொந்தக் கொழுப்பும் மாவுத்தன்மையும் இருக்கின்றன. கத்லியில் பால் என்று இருப்பது கடைசியில் பிசையும்போது சேர்க்கும் ஒரு கரண்டி நெய் மட்டுமே. அதை எடுத்துவிட்டால் உங்கள் மகளுக்கான ஃபட்ஜ் ஏற்கெனவே நம் வீட்டில் இருப்பதுதான். கொஞ்சம் கனமாகத் தட்டிச் சதுரமாக வெட்ட வேண்டும்.

நான் செய்யும் அளவு இது. முந்திரி 250 கிராம், சர்க்கரை 125 கிராம், தண்ணீர் கால் கப், தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் இரண்டு. முழு முந்திரிக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை, பாதி முந்திரியும் உடைசலும் இதற்குப் போதும். முந்திரியைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் வெளியே எடுத்து, ஈரம் முழுவதும் போன பிறகு மட்டுமே மிக்ஸியில் போடுங்கள். ஒரேயடியாக ஓடவிடாமல் விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறி, முந்திரி எண்ணெய் விட்டு உருண்டையாகிவிடும். பிறகு கத்லி பிசுக்குப் பிடித்துப்போகும். ரவை சலிக்கும் அளவுக்குக் கண் உள்ள, கோதுமை படாத சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் திப்பியை மறுபடி அரைத்துக்கொள்ளுங்கள்.

அடி கனமான வாணலியில் சர்க்கரையும் தண்ணீரும் கொதித்து, ஒரு கம்பிப் பதம் வந்ததும், அதாவது பாகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தொட்டுப் பிரித்தால் ஒரே இழை அறுந்துவிடாமல் நிற்கும்போது, தீயைக் குறைத்துவிட்டு முந்திரிப் பொடியைக் கொட்டிக் கிளறுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து சுருண்டு, வாணலியின் ஓரத்தை விட்டு வரத் தொடங்கும். அந்த நேரத்தில் வேறு எந்த வேலைக்கும் போய்விடாதீர்கள். ஒரு கிள்ளு எடுத்து நாலு ஊது ஊதி உருட்டிப் பாருங்கள். விரலில் ஒட்டாமல் வழவழப்பாக உருண்டால் உடனே இறக்கிவிட வேண்டும். ஒட்டினால் இன்னும் அரை நிமிடம் போதும். இறக்கியபின் எண்ணெயையும் ஏலப்பொடியையும் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டில் ஓரிரு நிமிடம் மட்டும் பிசைந்து, பட்டர் பேப்பரில் ஒரு விரல் கனத்துக்குத் தட்டிவிடுங்கள். சூடு முழுவதும் ஆறுவதற்கு முன்பே கத்தியால் கோடு போட்டுவைத்தால் பிறகு உடைக்கச் சுலபம்.

சிலர் தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப் பால் விடுகிறார்கள். சுவை உண்மையிலேயே கூடும், ஆனால் அது விரைவில் கெட்டுவிடும் என்பதால், பெட்டியில் போட்டுக் கொடுக்கும் பலகாரத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வாஷி தாய்:

என் மகனுக்கும் சீலியாக் நோய் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். நெய்யைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பால் சர்க்கரை செரிக்காதவர்களில் பலருக்கு நெய் ஒத்துக்கொள்ளும். உங்கள் மகளுக்கு இருப்பது பால் புரத ஒவ்வாமை, அது வேறு. எவ்வளவு நன்றாக வடித்தாலும் நெய்யில் புரதத்தின் மிச்சம் இருக்கக்கூடும். ஆகவே அவளுடைய மருத்துவர் தெளிவாக அனுமதி தராத வரை வீட்டு நெய்யும் வேண்டாம்.

அடுத்தது கோதுமை. கோதுமையில் உள்ள, இந்த நோய்க்கு ஆகாத புரதம்தான் குளூட்டன். குளூட்டன் இல்லாதது என்று ஓர் உணவைச் சொல்வதற்கு, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது விதி. எவ்வளவு சிறிய அளவு என்று எண்ணிப் பாருங்கள். முந்திரியில் இயற்கையாகவே குளூட்டன் கிடையாது, ஆனால் நம் சமையலறை முழுவதும் கோதுமைத் தூசி இருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் மகனுக்கு வயிற்றுவலி விடவில்லை. பல நாள் யோசித்த பின்புதான், கத்லி தேய்ப்பதற்கு நான் எடுத்தது சப்பாத்திக் கட்டையும் பலகையும் என்பது உறைத்தது. மரத்தின் துவாரங்களுக்குள் மாவு ஏறியிருக்கும், எத்தனை முறை கழுவினாலும் முழுவதும் போகாது. இப்போது இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து ஒரு கண்ணாடி பாட்டிலால் தேய்க்கிறேன். ரவையோ கோதுமையோ அரைத்த ஜாரின் மூடியைக் கழற்றி ரப்பர் வளையத்துக்கு அடியில் பாருங்கள், அங்கேயும் வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். இதற்கென்று தனியாக ஒரு சிறிய ஜாரும் ஒரு சல்லடையும் வாங்கிவைப்பது நல்லது. பருப்புகளையும் திறந்த மூட்டையிலிருந்து அள்ளி விற்கும் இடத்தில் வாங்காமல், முத்திரையிட்ட பொட்டலமாக வாங்குங்கள். அந்த அள்ளும் கரண்டி அதற்குமுன் எந்த மூட்டையில் இருந்ததோ நமக்குத் தெரியாது.

உணவியல் படித்தவள்:

பேரீச்சம்பழத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில்தான் நல்ல மனத்தோடு பலர் பெரியவர்களுக்குக் கெடுதல் செய்துவிடுகிறார்கள். விதை நீக்கிய பேரீச்சம்பழம் நூறு கிராமில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரைதான். 250 கிராம் முந்திரிக்கு 250 கிராம் பழம் சேர்த்து உருட்டினால், உள்ளே போவது 150 கிராமுக்கும் அதிகமான சர்க்கரை. மேலே மாட்டுங்கா சகோதரி சொன்ன கத்லியில் இருப்பதோ 125 கிராம். பேரீச்சையில் நார்ச்சத்தும் சில தாதுக்களும் இருப்பது உண்மையே என்றாலும், "சர்க்கரை சேர்க்காதது" என்ற பெயரில் ஒருவர் நான்கு உருண்டை சாப்பிட்டுவிட்டால் அந்த நன்மை எதற்கும் உதவாது. வெல்லமும் கருப்பட்டியும் தேனும் இதே கணக்கில்தான் வரும்.

கத்லியைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதே நேர்மையான வழி என்பது என் கருத்து. முந்திரியில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 30 கிராம் மாவுச்சத்து உண்டு. ஆக 250 கிராமில் 75, அதோடு சர்க்கரை 125, மொத்தம் 200 கிராம். அந்தத் தட்டை முப்பது துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்கு ஏழு கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு துண்டு என்பதை மாமனாரின் மருத்துவரிடம் இந்த எண்ணைச் சொல்லியே கேட்கலாம்.

அவருக்கென்று தனியாகச் செய்ய விரும்பினால் பாதாம்தான் ஏற்றது, ஏனெனில் நூறு கிராமுக்கு அதில் உள்ள 22 கிராம் மாவுச்சத்தில் பாதிக்கு மேல் நார்ச்சத்து. கொதிநீரில் சில நிமிடம் போட்டுத் தோலுரித்து, நன்றாக உலர்த்தி வறுத்த பாதாம் 200 கிராமை எண்ணெய் விடும் வரை விழுதாக அரைத்து, சர்க்கரைக்கு மாற்றான எரித்ரிட்டால் என்ற இனிப்பூட்டி மாவுபோலப் பொடித்தது 50 கிராம், கோகோ பொடி இரண்டு மேசைக்கரண்டி, உருக்கிய கோகோ வெண்ணெய் (பால் வெண்ணெய் அல்ல, கோகோ விதையின் கொழுப்பு) 50 கிராம் சேர்த்துத் தட்டில் ஊற்றி உறையவிடுங்கள். கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில்தான் உருகும் என்பதால் வீட்டுக்குள் மேசைமேல் சிறிது நேரம் வைத்தாலும் தாங்கும். கிராஃபர்ட் மார்க்கெட் பக்கம் கேக் பொருள்கள் விற்கும் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். எரித்ரிட்டாலைப் பாகு காய்ச்ச வேண்டாம். ஆறும்போது நறநறவென்று மணலாகிவிடும். நாக்கில் லேசாக ஒரு குளிர்ச்சி தெரியும், அது அதன் இயல்பு. ஸ்டீவியா என்ற இலை இனிப்பூட்டிப் பொட்டலம் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி இருந்தால் அதுவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியதுதான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நெடுநாள் சர்க்கரை நோயால் அவருடைய சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால், பருப்புகளில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் கவலைக்குரியவை. அப்படியானால் கேட்காமல் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

முலுண்ட் பெரியவர்:

கட்டடத்துப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள் அம்மா. அவர்களில் யாருக்கேனும் முந்திரி அல்லது வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று அவரவர் தாயாரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உங்கள் குழந்தைக்குப் பாதுகாப்பானது இன்னொரு குழந்தைக்கு ஆபத்தாக இருக்கலாம். மற்றபடி, கோவில்பட்டிக் கடலை மிட்டாயையும் நினைத்துப் பாருங்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாயில் வேர்க்கடலையும் வெல்லப் பாகும்தான் முக்கியம், பாலுக்கோ கோதுமைக்கோ அங்கே வேலையே இல்லை.

செம்பூர் வாசகி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தனி ஜாரும் சல்லடையும் வாங்கி, நேற்று முந்திரி மட்டும் செய்து பார்த்தேன். கிளறிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்ததால் ஒரு நிமிடம்தான் போய்வந்தேன், அதற்குள் கட்டியாகிவிட்டது. தட்டும்போதே ஓரமெல்லாம் வெடித்து, வெட்டினால் பொலபொலவென்று உதிர்கிறது. சுவை அருமையாக இருக்கிறது. இதைச் சரிசெய்ய வழி உண்டா?

மாமனாருக்குச் சிறுநீரகப் பரிசோதனை அடுத்த வாரம் இருக்கிறது. அதன் முடிவைப் பார்த்துக்கொண்டு பாதாமுக்குப் போகிறேன்.

மாட்டுங்கா சமையலறை:

தாராளமாக உண்டு. உதிர்ந்ததை எல்லாம் வாணலியில் போட்டு, வெந்நீர் இரண்டு மேசைக்கரண்டி தெளித்து, மிகச் சிறு தீயில் கட்டிகளை மசித்துக்கொண்டே கிளறுங்கள். முதலில் கூழாகும், பயப்பட வேண்டாம். மறுபடி சுருண்டு வந்து உருட்டிப் பார்க்கும் பதம் கிடைத்ததும், ஒரு நொடியும் தாமதிக்காமல் இறக்கிவிடுங்கள். பிசையும்போது இன்னும் வறட்சியாகத் தோன்றினால் கையில் ஓரிரு துளி எண்ணெய் தொட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் எண்ணெய் வேண்டாம்.

செம்பூர் வாசகி:

அப்படியே செய்தேன், கூடி வந்துவிட்டது. முப்பது துண்டு போட்டு டப்பாவில் அடுக்கி, சோதனைக்காக இன்று காலை மறுபடியும் தாணேக்கு ரயிலில் எடுத்துச் சென்றேன். திறந்தபோது ஒவ்வொரு துண்டின் மூலையும் கூர்மையாக அப்படியே இருந்தது. இரண்டு துண்டு மட்டும் குறைந்திருந்தது. வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்து மகள்தான் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள்.