நெஞ்சுவலி அழைப்புகள்: வண்டியில் பார்த்ததைச் சொல்லுங்கள்

பயிற்றுநர், சேலம்

ஆம்புலன்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, இதய நோயாளியை எப்படிப் பார்ப்பது, வழியில் எப்படிக் காப்பது என்று வகுப்பெடுக்கிறேன். நர்சிங் முடித்தவர்கள், விலங்கியல் பட்டம் வாங்கியவர்கள், டி.பார்ம் படித்தவர்கள் என்று கலந்துதான் வருவார்கள். வந்த வேகத்தில் எல்லோருக்கும் ஈசிஜி படிக்கத் தெரிந்துவிட வேண்டும். அந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் தொடக்க வகுப்புகளில் ஈசிஜி தாளை நான் வெளியே எடுப்பதில்லை. யாருக்கு அதை எடுக்க வேண்டும் என்று தெரியாவிட்டால், படிக்கத் தெரிந்து என்ன பயன்?

எங்கள் மையத்தில் சமைக்கும் அக்காவை நோயாளியாக உட்கார வைப்பேன். என்ன தொந்தரவு என்று மட்டும் காதில் சொல்லிவிடுவேன், பேச்சு அவருடையது. மாணவர் போய், "அம்மா, நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்பார். "வலியெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, வாயுதான். ராத்திரி மொச்சைக்கொட்டைக் குழம்பு சாப்பிட்டேன்" என்பார் அக்கா. மாணவர் படிவத்தில் 'நெஞ்சுவலி இல்லை' என்று எழுதிவிட்டுச் சர்க்கரை அளவு பார்க்கப் போய்விடுவார். அக்காவுக்கோ தாடை கடுக்கிறது, இடது தோள் கனக்கிறது, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதனால் 'வலி' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறேன். "நெஞ்சுல, தாடையில, கையில, முதுகுல, மேல்வயித்துல எங்கயாவது இறுக்கமா, கனமா, எரிச்சலா இருக்கா?" என்று இடம் இடமாகத் தொட்டுக் காட்டிக் கேட்க வேண்டும். தாடைக்கும் தொப்புளுக்கும் இடையில் காரணம் தெரியாத எந்தத் தொந்தரவானாலும் பத்து நிமிடத்துக்குள் 12 லீட் ஈசிஜி, அதாவது இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் பார்க்கும் பதிவு. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்கள் இவர்களிடம் மூச்சு வாங்குவதும் அசதியும் வாந்தியும் மட்டுமே இருக்கலாம். சின்ன வயசு என்பதும் ஈசிஜி எடுக்காமல் விடக் காரணமாகாது. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடுவயது 53. மற்ற இடங்களில் 59-ஐ ஒட்டி இருந்தது.

இன்னொன்று, நேரம். "எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டால் "காலையில இருந்தே" என்றுதான் பதில் வரும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதிலும் முதல் சில மணி நேரத்தில் போட்டால்தான் முழுப் பலன். 'காலையில்' என்பது போதாது. "வாசல் தெளிச்சப்ப நல்லா இருந்தீங்களா? பால் வாங்கினப்ப? பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கிளம்பினப்ப?" என்று நாளோடு நடந்து போய்க் கேட்டால் அரை மணி நேரத் துல்லியத்தில் பதில் கிடைத்துவிடும். இதை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் படிக்கவில்லை. என்னிடம் பயின்ற ஒரு பெண் களத்திலிருந்து வந்து சொன்னது.

உங்களுக்குக் களம் கற்றுத் தந்தது என்ன? பயிற்சியில் எது உதவியது, எது இல்லாமல் தவித்தீர்கள்? சொல்லுங்கள், அடுத்த அணிக்குச் சேர்த்துக்கொள்கிறேன்.

ஈஎம்டி (ஆம்புலன்ஸ் அவசர மருத்துவ உதவியாளர்), திருவண்ணாமலை மாவட்டம்

வணக்கம் சார். பெண் நோயாளிக்கு ஈசிஜி எடுப்பதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. நான் பழகிய பொம்மை ஆண் பொம்மை. கூடப் படித்த பையன்களில் ஒருவர் சட்டையைக் கழற்றிப் படுப்பார், அவர்மேல் ஒட்டிப் பழகுவோம். கிராமத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள், அந்தம்மா ஜாக்கெட் கொக்கியைக் கழற்றவே மாட்டார். பையன்கள் தயங்கி, மேலாகவே ஒட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். நெஞ்சில் ஒட்டும் ஆறு பேட்களில் (வி1 முதல் வி6 வரை) வி1, வி2 இரண்டும் ஒரு விலா இடைவெளி மேலே போனாலே வரும் கோடு வேறு கதை சொல்லும்.

நான் செய்வது இது. முதலில் ஆண்களை வெளியே அனுப்புவேன். மகளோ மருமகளோ ஒருவரை நிறுத்தி, போர்வையை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்வேன். "பாட்டி, நெஞ்சு ஓடுறதப் படம் எடுக்கணும், ரெண்டு நிமிஷம்தான், நீங்க மூடியேதான் இருப்பீங்க" என்று சொல்லிவிட்டே தொடுவேன். தொண்டைக்குழிக்குக் கீழே விரலை இறக்கினால் நெஞ்செலும்பில் ஒரு மேடு தட்டுப்படும், அதற்கு நேரே இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணி நான்காவது இடைவெளியில் வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2. வி4 முதல் வி6 வரை மார்புக்குக் கீழே, புறங்கையால் உயர்த்தி ஒட்டணும். வேர்வை இருந்தால் பேட் நிற்காது, காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால்தான் பிடிக்கும்.

ஒரு கேஸ் சொல்றேன். மல்லாக்கொட்டை பிடுங்கப் போன அம்மா, ஐம்பது வயசு இருக்கும். கொல்லையிலேயே வாந்தி, மயக்கம். வெயில்தான் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள், "ஒரு குளுக்கோஸ் போடும்மா, சரியாயிடும்" என்றார்கள். உடம்பு தொட்டால் ஜில்லென்று இருந்தது, பிரஷர் மேல் அளவு 88. ஈசிஜியில் 2, 3, ஏவிஎஃப் மூன்று லீடிலும் எஸ்டி என்ற கோட்டுப் பகுதி தூக்கி இருந்தது, இதயத்தின் அடிப்பக்கம் அடைப்பு என்று அர்த்தம். பக்கத்து வீட்டு அண்ணன், ரத்தக் குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கு மாரடைப்பு வந்தபோது நாக்குக்கு அடியில் வைத்தார்களாம். வேண்டாம் என்று நிறுத்தினேன். இதயத்தின் அடிப்பக்கம் அடைபட்டால் வலது கீழறையும் சேர்ந்து பாதித்திருக்கலாம். அப்போது அந்த மாத்திரை பிரஷரை ஒரேயடியாக இறக்கிவிடும். பயிற்சியில் எங்களை மீண்டும் மீண்டும் சொல்ல வைத்த வரி இது: 'பிரஷர் பார்க்காமல் சார்பிட்ரேட் இல்லை'. வலது கீழறையைப் பார்க்க ஒரு பேடை வலப்பக்கம் மாற்றி ஒட்டி வி4ஆர் எடுத்தேன், அதிலும் தூக்கல். கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் போனில் சொல்லி, ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்க வைத்து, அவர் சொன்ன அளவுக்கு சலைன் (உப்புநீர்) ஓடவிட்டு, ஷாக் கொடுக்கும் டிஃபிப் பேட்களை நெஞ்சில் ஒட்டியே கூட்டிப் போனோம். வீட்டார் கேட்ட குளுக்கோஸுக்கும் டாக்டர் சொன்ன சலைனுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தம்மாவின் மகனுக்கு வழியெல்லாம் விளக்கினேன். அம்மா பிழைத்துவிட்டார்.

செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம்

ஈஎம்டிகள் ஒப்படைக்கும் பக்கத்திலிருந்தும், எங்களிடம் வாங்கிப் போகும் பக்கத்திலிருந்தும் பார்ப்பவள் நான். 2023-இல் இதயம் காப்போம் திட்டம் வந்த பிறகு, மாரடைப்பு என்று தெரிந்தால் எங்கள் நிலையத்திலேயே 14 மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். ஆஸ்பிரின் 150 இரண்டு, குளோபிடோகிரெல் 75 நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 எட்டு. இது ஈஎம்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் வண்டியில் ஏறியதும் ஆஸ்பிரின் இன்னொரு தடவை போகும். அதனால் கொடுத்த நேரத்தை நோயாளியின் சீட்டில் பெரிதாக எழுதுகிறேன், வாயாலும் சொல்கிறேன்.

எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதையும் பயிற்சியில் அழுத்திச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பது வேறு, கட்டியைக் கரைக்கும் ஊசியோ, அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோவோ கிடைக்கும் இடம் வேறு. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை நான்கு பகுதிகளில் சின்ன மருத்துவமனைகளையும் ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளையும் 108 வண்டிகள் வழியாக இணைத்துப் பார்த்தார்கள். 2,420 நோயாளிகள். முதலில் கட்டியைக் கரைத்து, பிறகு ஆஞ்சியோவுக்கு அனுப்பும் வழி. 2017-இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2-க்குக் குறைந்திருந்தார்கள். யாரை எங்கே, எந்த நேரத்தில் சேர்ப்பது என்ற ஒழுங்குக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதே என் எண்ணம்.

ஒப்படைக்கும்போது "செஸ்ட் பெயின் கேஸ் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எப்போது தொடங்கியது, ஈசிஜியில் எந்த லீடுகள், என்ன மருந்து எத்தனை மணிக்கு, வழியில் பிரஷரும் துடிப்பும் எப்படி மாறின. அரை நிமிடப் பேச்சு இது. சில இடங்களில் இதைக் கேட்கவே ஆள் நிற்பதில்லை, அது எனக்கு மிகவும் வருத்தம். நின்று சொல்லுங்கள்.

பைலட், சென்னை

நான் வண்டி ஓட்டுறவன். இதய வகுப்புல எங்களையும் முழுசா உட்கார வைக்கணும்னு எழுத வந்தேன். மேடம், சார் எல்லாரும் ஈசிஜி பத்திப் பேசுறீங்க, ஓடுற வண்டில எடுத்தா கோடு முழுக்க ஆட்டம்தான் வரும். நான் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினாத்தான் சுத்தமா வரும். அந்த ஒரு நிமிஷத்துக்கு ஏன் நிறுத்தறோம்னு எனக்குத் தெரிஞ்சாத்தானே சொந்தக்காரங்க கத்தும்போது நான் பதில் சொல்ல முடியும்?

மாடி வீடுதான் பெரிய சங்கடம். லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி, படிக்கட்டு ஒரு ஆள் அகலம். நோயாளி சட்டையை மாட்டிட்டு, "நானே நடந்து வரேன்பா" ன்னு கிளம்பிட்டாரு. கையைப் பிடிச்சு உட்கார வச்சோம். அடைச்சுக்கிட்ட இதயத்துக்குப் படி இறங்குறதும் வேலைதான். வீட்டுல கை வச்ச நாற்காலி ஒண்ணு இருந்துச்சு, நான் கால் பக்கம், பக்கத்து வீட்டுத் தம்பி தலைப் பக்கம், ஈஎம்டி மானிட்டரோட கூடவே. இரண்டாவது மாடித் திருப்பத்துல அவர் கண்ணு செருகிடுச்சு. மானிட்டர்ல வி-ஃபிப், இதயம் ஒழுங்கா அடிக்காம சும்மா நடுங்குது. அந்தத் திருப்பத்துலயே தரையில படுக்க வச்சு, ஈஎம்டி பேட் ஒட்டற நேரத்துல நான் நெஞ்சை அழுத்தினேன். ஒரே ஷாக், திரும்பி வந்துட்டாரு. நடந்து வந்திருந்தா மானிட்டர் கயிறெல்லாம் கழட்டித்தான் வந்திருப்பாரு, என்ன ஆச்சுன்னே தெரிஞ்சிருக்காது.

நெஞ்சை அழுத்தறது நிமிஷத்துக்கு 100-லேருந்து 120 தடவை, 5 செ.மீ. குறையாம, முழுசா மேல வரவிட்டு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் மாத்தி. இதை எனக்குச் சொல்லிக் குடுத்த ஈஎம்டி தங்கச்சிக்கு நன்றி.

மருத்துவ உதவியாளர், யாழ்ப்பாணம்

நான் 1990 எண்ட நம்பரில கூப்பிடுற, இலங்கையின்ரை ஆம்புலன்ஸ் சேவை சுவசெரியவில வேலை செய்யிறன். 2016இல தொடங்கின சேவை, வடக்குக்கு 2018இலதான் வந்தது. பைலட் அண்ணை சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். எங்களுக்குப் பயிற்சியில ஒரு வீடியோ காட்டினவை, இதயம் நிண்ட ஆள் வாயைத் திறந்து திறந்து மூச்சு இழுக்கிறது. அதை மூச்சு எண்டு நினைக்கக் கூடாது எண்டு படிப்பிச்சவை. பிறகு வடமராட்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனா, அச்சு அசலா அதே மாதிரி. ஐயா நிலத்தில கிடக்கிறார், மகள் "மூச்சு இருக்குது, மூச்சு இருக்குது" எண்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு இருக்கிறா. கழுத்தில நாடி இல்லை. வீடியோ பார்க்காட்டி நானும் மூச்சு இருக்குது எண்டுதான் நம்பியிருப்பன். நெஞ்சை அழுத்தத் தொடங்கினதும் மகள் என்ரை கையைப் பிடிச்சு இழுத்தவ. "அம்மா, இது கடைசி மூச்சு இழுப்பு, இதயம் நிண்டிட்டுது, விடுங்கோ" எண்டு சொல்லிக்கொண்டே அழுத்தினன். ஐயாவுக்கு நாடி திரும்பினது. ஆனா ரெண்டு நாளைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில காலமாயிட்டார். மகள் பிறகு எங்களிட்டை வந்து, பேரப்பிள்ளையள் வந்து பார்க்கக் கிடைச்சது எண்டு சொன்னவ.

மாணவர், இரண்டாம் ஆண்டு

அண்ணன்களே, அக்காக்களே, "நீ டாக்டரா? நீ யாரு ஊசி போட?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பயிற்சிக்கு வண்டியில் போனபோது ஒருவர் அப்படிக் கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

பயிற்றுநர், சேலம்

தம்பி, இந்தக் கேள்விக்கு அறுபது வயதாகிறது. 1966-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிபிரிலேட்டரை ஆம்புலன்ஸில் ஏற்றினார். கார் பேட்டரியில் ஓடிய அந்த இயந்திரத்தின் எடை ஏறக்குறைய 70 கிலோ. மாரடைப்பு வந்தவர்களில் பலர் மருத்துவமனையை எட்டும் முன்பே இறக்கிறார்கள், எனவே சிகிச்சை அவர்களிடம் போக வேண்டும் என்பது அவர் வாதம். அவருடைய வண்டியில் மருத்துவர் போனார். எல்லா வண்டியிலும் மருத்துவரை ஏற்ற எந்த ஊராலும் முடியாது. சியாட்டிலில் லெனார்ட் காப் என்ற மருத்துவர் தீயணைப்பு வீரர்களுக்கே கற்றுக்கொடுத்தார், 1970-இல் அவர்கள் களத்தில் இறங்கினார்கள். உன் வேலை அந்த வழியில் வந்தது. கேட்டவரிடம், "நான் டாக்டர் இல்லைங்க, இதுக்குன்னே பயிற்சி எடுத்தவன். டாக்டர் போன்ல இருக்காரு, அவர் சொல்லித்தான் செய்யறேன்" என்று ஸ்பீக்கரைப் போட்டுவிடு. சண்டை அங்கேயே நின்றுவிடும்.

பைலட் தம்பி சொன்னது சரி. அடுத்த அணியிலிருந்து ஓட்டுநர்களும் இதய வகுப்பில் உட்காருவார்கள், படிக்கட்டுப் பயிற்சி எங்கள் விடுதி மாடியிலேயே நடக்கும். ஈசிஜி ஒட்டும் பயிற்சிக்குப் பெண் உடலமைப்புள்ள பொம்மை வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். வரும்வரை, மாணவிகள் தனி அறையில் தங்களுக்குள் பழகுவார்கள். மூச்சு இழுப்பு வீடியோவையும் சேர்க்கிறேன், யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு நன்றி.

ஆக்சிஜன் பற்றித் தனிச்செய்தியில் இருவர் கேட்டீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 விழுக்காட்டுக்குக் குறைந்தால் கொடுங்கள். மேலே இருந்து, மூச்சுத் திணறலும் இல்லையென்றால் மாஸ்க் தேவையில்லை. ஸ்வீடனில் நடந்து 2017-இல் வெளியான பெரிய ஆய்வில், ஆக்சிஜன் போதுமாக இருந்தவர்களுக்கு மேலும் கொடுத்ததால் உயிர் பிழைப்பு கூடவில்லை.

செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம்

சார், சார்பிட்ரேட் கொடுக்கும் முன் ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்க வேண்டுமே, அதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்? மனைவி பக்கத்தில் இருந்தால் யாரும் ஆமாம் என்பதில்லை.

பயிற்றுநர், சேலம்

அதற்கென்றே ஒரு வகுப்பு உண்டு. வண்டிக் கதவைச் சாத்திய பிறகு, உறவினர் முன்னால் ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது, குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். "ஐயா, இந்த மாத்திரையோட சேர்ந்தா பிரஷர் ரொம்ப இறங்கிடும், அதனால எல்லா ஆம்பளைங்களையும் கேக்கறேன். நேத்தோ முந்தாநாளோ வீரியத்துக்கு ஏதாவது மாத்திரை, லேகியம் எடுத்தீங்களா?" லேகியத்தை விட்டுவிடக் கூடாது, பெயர் தெரியாத பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் சார்பிட்ரேட் கூடாது. பதில் தெளிவாக இல்லையென்றால் அதைத் தவிர்த்துவிட்டு, ஆஸ்பிரினோடு கிளம்புங்கள், டாக்டரிடம் போனில் அதையும் சொல்லிவிடுங்கள்.