ஹாட் ஸ்பாட்: வெப்பப்புள்ளி வேண்டாமே

> நம் கலைச்சொல் பட்டியலில், ரேடியோ பேரடைகளின் (ரேடியோ அலையைப் பலமாக உமிழும் பேரடைகள்) ஓரங்களில் பளிச்சென்று தெரியும் 'ஹாட் ஸ்பாட்'டுக்கு வெப்பப்புள்ளி என்றே வைத்துவிடலாம். எளிதாக இருக்கிறது.

எளிதுதான் ஐயா. ஆனால் ஓர் எக்ஸ் கதிர் படத்தின் மேல் அந்தச் சொல்லை எழுதிப் பாருங்கள், சிக்கல் தெரிந்துவிடும்.

சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த, சிக்னஸ் ஏ என்ற ரேடியோ பேரடையின் படத்தையே எடுத்துக்கொள்வோம். பேரடையைச் சுற்றிலும் பரவித் தெரிவது, அது இருக்கும் பேரடைக் கொத்தை நிரப்பியுள்ள வாயு. அது கோடிக்கணக்கான டிகிரி சூடு, அந்தச் சூட்டில்தான் எக்ஸ் கதிரை உமிழ்கிறது. அப்புறம் இரு ஓரங்களிலும் பளிச்சென்ற திட்டுகள். நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து கிளம்பிய தாரை (ஜெட்) வெளிவாயுவில் போய் முட்டும் இடம் அது. அங்கே அதிர்ச்சி அலையில் முடுக்கம் பெற்ற எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலை விடுகின்றன. அந்த ரேடியோ ஃபோட்டான்களை அதே எலெக்ட்ரான்கள் மறுபடி மோதி எக்ஸ் கதிராக ஏற்றிவிடுகின்றன. இதில் வெப்பத்துக்கு வேலையே இல்லை. நிஜமாகவே கொதிக்கிற வாயு பக்கத்திலேயே இருக்க, சூட்டால் ஒளிராத திட்டை வெப்பப்புள்ளி என்றால் மாணவர் எதைச் சூடு என்று நினைப்பார்?

என் பரிந்துரை: மோதுமுனை.

> அப்படியானால் கதிர் உண்டாகும் முறையையே பெயரில் வைக்கலாமே? எலெக்ட்ரான் மோதி ஃபோட்டானின் ஆற்றலை ஏற்றுவதற்கு எதிர் காம்ப்டன் என்றுதானே பெயர், 'எதிர் காம்ப்டன் முனை' என்பதுபோல.

அது இன்னும் ஆபத்து. 1999 ஆகஸ்டில் சந்திராவின் குவியத்தைச் சரிசெய்ய பிகேஎஸ் 0637-752 என்ற குவாசரை (கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் பேரடை மையம்) நோக்கினார்கள். வெறும் புள்ளியாகத் தெரியும் என்று பார்த்தால், கூடவே நீளமாக ஒரு எக்ஸ் கதிர் தாரை! அண்ட நுண்ணலைப் பின்னணியின் (பெருவெடிப்பின் எச்ச ஒளி) ஃபோட்டான்களை எலெக்ட்ரான்கள் உந்திவிடுகின்றன என்பதே பல ஆண்டுகள் விளக்கமாக இருந்தது. அது சரியென்றால் வரவேண்டிய காமா கதிர் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியில் தென்படவில்லை. அந்தக் குவாசரைப் பொறுத்தவரை விளக்கம் விழுந்தது. விளக்கத்தை நம்பிப் பெயர் வைத்திருந்தால் பெயரும் கூடவே விழுந்திருக்கும்.

அதற்காக அந்த முறையை ஒதுக்கவும் முடியாது. தொலைவு கூடக் கூட, அதாவது அண்டத்தின் இளமைக்குப் போகப் போக, பின்னணிக் கதிரின் அடர்த்தி ஏறுகிறது. செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் கூடும் அளவு, தொலைவுக்கு ஓர் அளவுகோல்) 3-இல் அது இன்றையதைப்போல் 256 மடங்கு. தொலைவால் மேற்பரப்புப் பிரகாசம் மங்குவதும் அதே 256 மடங்குதான். ஏற்றமும் இறக்கமும் சரிக்குச் சரி, அதனால் இந்த முறையில் ஒளிரும் தாரை தொலைவிலும் தெரியலாம். செம்பெயர்ச்சி 4.72-இல் உள்ள ஜிபி 1428+4217 குவாசரிலும் எக்ஸ் கதிர் தாரை தெரிந்திருக்கிறது. இவ்வளவு தொலைவில் தாரை எங்கே முட்டுகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். அங்கெல்லாம் 'தாரை' என்று மட்டும் எழுதினால் போதும்.

> மோதுமுனையில் ஒரு சங்கடம். காந்தமுனை, வடமுனை என்று 'முனை'யை ஏற்கெனவே துருவத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

நியாயம். அதோடு, சில ஆயிரம் ஒளியாண்டு அகலமுள்ள ஒன்றை முனை என்பதும் பொருந்தவில்லை. 'மோதுதிட்டு' எப்படி? காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனால் தப்பான இயற்பியல் எதையும் சொல்லவில்லை. மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் தாரை, மடல் (தாரை ஊதிப் பரப்பும் ரேடியோ முகில்) இரண்டுக்கும் அடுத்த வரியில் சேர்த்துவிடுகிறேன்.