டிரெய்லர் ஹப் கொதிக்குதுங்க, வழி சொல்லுங்க

வணக்கமுங்க. கோபிப் பக்கம் நம்ம தோட்டம். டிராக்டர் டிரெய்லர்ல ஈரோட்டுக்கு மஞ்சள் ஏத்திட்டுப் போறப்ப, கவுந்தப்பாடியில டீக்கு நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன். வலது ஹப்புல, அதாவது சக்கரத்தோட நடுக் குடத்துல, கையே வெக்க முடியலைங்க. இடது வெதுவெதுன்னுதான் இருந்துச்சு.

போன மாசம்தான் பட்டறையில வலது பக்கம் ரெண்டு டேப்பர் பேரிங்கும் ஆயில் சீலும் புதுசா மாத்தினது. வீட்டுக்கு வந்து கழட்டுனா கிரீஸ் கருகிக் கிடக்கு, வெளிப் பேரிங் நீலம் பாய்ஞ்சிருக்கு. இரும்போட பதமே போயிருக்கும், அதைத் திரும்பப் போட மாட்டேன்.

அச்சு முனையில பேரிங்கைப் பிடிச்சிருக்கிற நட்டு மேலதான் எனக்குச் சந்தேகம். சக்கரத்தைச் சுத்திக்கிட்டே இறுக்கி, அப்புறம் கொஞ்சம் தளர்த்தித்தானுங்க நட்டு கழலாம இருக்க ஸ்ப்ளிட் பின் போடணும்? பட்டறையில ஸ்பேனர்ல குழாய் மாட்டி இறுக்கி அப்படியே விட்டுட்டாங்க. ஹப்புக்குள்ள இருக்கிற பழைய கப்பையும் (பேரிங் உக்கார்ற வெளி வளையம்) மாத்தலை.

அனுபவப்பட்டவங்க சொல்லுங்க: எவ்வளவு தளர்த்துறீங்க? ஹப்பு நிறைய கிரீஸ் அடைக்கலாமா, பாதி போதுமா? இடது பக்கம் பழைய கிரீஸ் என்ன ரகம்னு தெரியலை. மண்ணெண்ணெய் ஊத்திச் சுத்தமாக் கழுவிட்டு லித்தியம் கிரீஸ் வெச்சாச் சரியா இருக்குமுங்களா?

வண்டி ஓட்டறது என் தம்பி. லோடோட சக்கரம் கழண்டுட்டா எதிர்ல வர்றவங்க கதி என்னன்னு நெனச்சாலே தூக்கம் வரலைங்க.