துப்பாக்கி 'ட்ரேஸிங்': தடமறிதல் போதுமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

அமெரிக்க நடுவண் அரசின் ஏடிஎஃப் பற்றி ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'மது, புகையிலை, சுடுகலன், வெடிபொருள் பணியகம்' என்று பெயரை எழுதிவிட்டேன். 'ஆயத்தீர்வை' (எக்சைஸ் வரி) என்ற சொல்லையும் சேர்க்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு காலத்தில் அது பொருத்தம்தான். 1934-இல் இயந்திரத் துப்பாக்கி கைமாறினால் 200 டாலர் வரி என்று சட்டம் வந்தது. வரி என்பதால்தான் அந்த வேலை நிதித்துறையிடம், சாராய வரியோடு போய்ச் சேர்ந்தது. 1972-இல் தனிப் பணியகமான பிறகும் அங்கேயே இருந்தது. 2003-இல் நீதி அமைச்சகத்துக்கு மாறியபோது, மது, புகையிலை வரி வசூல் மட்டும் நிதித்துறையில் தங்கிவிட்டது. ஆகவே இன்றைக்கு ஆயத்தீர்வை வேண்டாம்.

என் சிக்கல் 'ட்ரேஸிங்'. குற்றத்தில் சிக்கிய துப்பாக்கியைக் கடையில் வாங்கியவர் யார் என்று ஏடிஎஃப் தேடிச் சொல்லும் வேலை அது. கொரோனாவுக்குப் பிறகு 'தடமறிதல்' எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் தடம் என்றால் காலடி. கண்டெடுத்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போவதுதான் தடம் பார்ப்பது. இங்கே நடப்பது நேர் எதிர். கொலை நடந்த இடத்தில் ஒரு கைத்துப்பாக்கி கிடைக்கிறது. உள்ளூர் போலீஸ் அதன் தயாரிப்பு, மாடல், உடலில் பொறித்த வரிசை எண் மூன்றையும் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏடிஎஃப் மையத்துக்கு அனுப்புகிறது. மையம் முதலில் தொழிற்சாலையைக் கேட்கிறது: இதை எந்த மொத்த வியாபாரிக்குக் கொடுத்தீர்கள்? பிறகு மொத்த வியாபாரி, அப்புறம் சில்லறைக் கடை. கடைக்காரர் 24 மணி நேரத்துக்குள் தம் பதிவைப் பார்த்து, வாங்கியவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். பிறந்த இடத்திலிருந்து முன்னோக்கி நடக்கிறார்கள்.

கணினியில் எண்ணைத் தட்டினால் போதாதா என்று வாசகர் நினைப்பார். துப்பாக்கி வைத்திருப்போரின் தேசியப் பதிவேட்டை உருவாக்க 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடைபோட்டிருக்கிறது. மூடிய கடைகளின் விற்பனைத் தாள்கள் பெட்டி பெட்டியாக மார்ட்டின்ஸ்பர்க்குக்கு வந்து குவிகின்றன. அவற்றைப் படமெடுத்து வைத்தாலும், வாங்கியவர் பெயரைப் போட்டுத் தேட முடியாது. ஆட்கள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்கிறார்கள். இந்த உழைப்பு சொல்லில் கொஞ்சமாவது தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை.

'கைமாற்று அறிதல்' என்று முதலில் வைத்தேன். கைமாற்று என்றால் நம் ஊரில் வட்டியில்லாக் கடன். 'கைம்மாறு' என்றாலோ வள்ளுவர் மாரியோடு வந்து நிற்கிறார். இப்போது 'வந்தவழி அறிதல்' என்று வைத்திருக்கிறேன். ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

* * *

தம்பிக்கு,

திசையைப் பற்றி நீங்கள் எழுதியது மிகச் சரி. ஆனால் 'வந்தவழி' அளவுக்கு மேல் வாக்குக் கொடுக்கிறது. கொலை நடந்த இடம்வரை துப்பாக்கி வந்த கதை முழுவதும் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். மையம் சொல்வது முதல் சில்லறை விற்பனையில் வாங்கியவர் யார் என்பதை மட்டும்தான். அவர் அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றிருந்தால், தனியார் விற்பனைக்குப் பதிவு வைக்க நடுவண் சட்டம் கேட்பதில்லை. திருட்டுப் போயிருந்தாலும் கதை அங்கேயே நிற்கும். வாங்கியவரையே குற்றவாளி என்று வாசகர் நினைத்துவிட்டால் அது பெரிய பிழை.

உரிமம் உள்ள கடைகள் விற்ற வரிசைதானே இது? 'விற்றவழி' என்று வைத்துப் பாருங்கள். விற்பனைப் பதிவு முடியும் இடத்தில் சொல்லும் முடிகிறது. பழைய உரைகளில் 'பெற்றவழி' என்றால் 'பெற்றால்' என்று பொருள் வரும். இன்றைய வாசகருக்கு அந்தக் குழப்பம் வராது.

* * *

ஐயா, வணக்கம்.

கட்டுரைக்குள் போட்டுப் பார்த்தேன்: 'துப்பாக்கியின் விற்றவழி ஒரு அடகுக் கடையில் முடிந்தது. அங்கு வாங்கியவரைத் தேடிப் போலீஸ் புறப்பட்டது.' துளியும் இடறவில்லை. 'தேசிய விற்றவழி மையம்' என்று மையத்தின் பெயரும் அமைந்துவிட்டது. வேறு யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அடுத்தது 'ஸ்ட்ரா பர்ச்சேஸ்'. துப்பாக்கி வாங்கத் தகுதியில்லாதவருக்காக இன்னொருவர் தம் பெயரில் படிவம் நிரப்பி வாங்கிக் கொடுப்பது. உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று அந்தப் படிவமே கேட்கிறது. இதற்குப் புதுச் சொல் தேடவே வேண்டாம், 'பினாமிக் கொள்முதல்' போதும் என்று நினைக்கிறேன். நிலப் பத்திரத்தில் பழகிய சொல் துப்பாக்கிக்கும் பொருந்துமா, சொல்லுங்கள்.