மறு: டேபர் கட்டுரைக்குச் சொற்கள் – வருவாய் உச்சவரம்பு, இறக்கப்பூட்டு

அன்பர்களுக்கு வணக்கம். டேபர் (TABOR) என்பது அமெரிக்காவின் கொலராடோ மாநில அரசியலமைப்பில் சேர்ந்த 'வரி செலுத்துவோர் உரிமைச் சாசனம்' என்ற திருத்தம். அதைப் பற்றிய கட்டுரைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் இந்த இழை நீண்டுவிட்டதால் கேள்விகளுக்குக் கீழேயே பதில் எழுதுகிறேன்.

> கொலராடோவின் டேபர் திருத்தத்தை 'அரசியலமைப்பு வரவு செலவுக் கட்டுப்பாடு' என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் எதைக் கட்டுப்படுத்துகிறது என்பது படிப்பவருக்குப் பிடிபடாது. அமெரிக்க மாநிலங்களில் மூன்று வேறு விதிகளை இந்த ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறார்கள். வரவுக்குள் செலவு இருக்க வேண்டும் என்பது ஒன்று. வெர்மான்ட் நீங்கலாக ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் அது ஏதாவது ஒரு வடிவில் உண்டு. கலிபோர்னியாவில் 1979-இல் வந்த கான் வரம்பு, செலவுக்கான ஒதுக்கீட்டைக் கட்டுப்படுத்துகிறது. கொலராடோ மக்கள் 1992 நவம்பரில் வாக்களித்து ஏற்ற டேபரோ, அரசு கையில் வைத்துக்கொள்ளக்கூடிய வருவாயையே கட்டுப்படுத்துகிறது. பணவீக்க விழுக்காடும் மக்கள்தொகை வளர்ச்சி விழுக்காடும் சேர்ந்து எவ்வளவோ, அவ்வளவுதான் அந்த வருவாய் ஆண்டுக்கு ஆண்டு கூடலாம். அதற்கு மேல் வசூலானால் மக்களுக்கே திருப்பித் தர வேண்டும், அல்லது வைத்துக்கொள்ள அவர்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். வரியை உயர்த்துவதானாலும் வாக்கெடுப்புதான். சட்டமன்றப் பெரும்பான்மை மட்டும் போதாது.

> சட்ட வாசகத்தில் 'ஸ்பெண்டிங்' என்றுதானே இருக்கிறது? நாமாக 'வருவாய்' என்று மாற்றுவது சரியா?

நல்ல கேள்வி அம்மா. வாசகம் செலவு என்றுதான் சொல்கிறது. ஆனால் இருப்பு நிதியில் போட்டு வைப்பதையும் செலவாகவே கணக்கிடச் சொல்கிறது. செலவழித்தாலும் வரம்புக்குள், சேமித்தாலும் வரம்புக்குள் என்றால், கட்டுப்படுவது வருவாய்தானே. அதனால் 'வருவாய் உச்சவரம்பு' என்கிறேன். உச்சவரம்பு நமக்கு நில உச்சவரம்புச் சட்டத்திலேயே பழகிய சொல். 'உபரி'யும் கூடவே வந்துவிடுகிறது. அங்கே உபரி நிலம் உடைமையாளரிடமிருந்து அரசுக்குப் போனது, இங்கே உபரிப் பணம் அரசிடமிருந்து குடிமக்களுக்கு வருகிறது, அவ்வளவே வேறுபாடு. 2022-இல் ஆளுக்கு 750 டாலர், கூட்டாகக் கணக்குக் கொடுத்த தம்பதிக்கு 1,500 டாலர் என்று காசோலை அனுப்பினார்களே, அந்த உபரிதான். அதற்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம், 'திருப்பித் தரும் தொகை' போதும்.

> 'ராட்செட் எஃபெக்ட்' – பற்சக்கர விளைவு?

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பற்சக்கரம் இரண்டு பக்கமும் சுற்றும். ராட்செட் ஒரு பக்கம்தான் போகும், மறுபக்கம் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்புதான் இங்கே முக்கியம். ஓர் ஆண்டு வருவாய் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்தநிலை வந்து 90 ஆகிறது. அடுத்த ஆண்டுக்கான வரம்பு அந்த 90-லிருந்துதான் தொடங்கும். 4 விழுக்காடு கூட்டினால் 93.6. பொருளாதாரம் எழுந்து வருவாய் பழையபடி 100-ஐத் தொட்டாலும் 6.4-ஐத் திருப்பித் தர வேண்டும். அரசு வளரவில்லை, விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கிறது, அதற்கே இந்த நிலை. 2001-இல் வந்த மந்தநிலைக்குப் பிறகு கொலராடோ மாட்டிக்கொண்டது இதில்தான். பணவீக்கமும் மக்கள்தொகையும் சேர்ந்த அந்தச் சூத்திரத்தை ஆதரிக்கவும் எதிர்க்கவும் நியாயங்கள் உண்டு. இந்தப் பிடிப்புக்கு மட்டும் ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, திசை. பொதுநிதிப் பாடத்தில் ராட்செட் என்றால் பெரும்பாலும் மேல்நோக்கித்தான்: போர்க்காலத்தில் ஏறிய அரசுச் செலவு அமைதி வந்த பிறகும் பழைய மட்டத்துக்கு இறங்குவதில்லை என்பார்கள். டேபரில் அது தலைகீழ். ஆகவே திசை பெயரிலேயே தெரிய வேண்டும். முதலில் ஏறுபூட்டு, இறங்குபூட்டு என்று எழுதி வைத்திருந்தேன். 'ஏறுபூட்டு' சித்திரையில் பொன்னேர் பூட்டுவதுபோல் கேட்கிறது என்று ஐயா ஒருவர் தனிமடலில் சிரித்தார். சரி, விலைவாசிச் செய்திகளில் 'ஏற்ற இறக்கம்' இருக்கவே இருக்கிறது: ஏற்றப்பூட்டு, இறக்கப்பூட்டு.

ஒரு திருத்தம்: கட்டுரையில் இறக்கப்பூட்டை இறந்த காலத்தில் எழுதுங்கள். 2005-இல் 'ரெஃபரெண்டம் சி' என்ற மக்கள் வாக்கெடுப்பு வந்து, வரம்பை ஐந்தாண்டு நிறுத்தி வைத்ததோடு மாநில அளவில் பூட்டையும் கழற்றிவிட்டது. இப்போது வரம்பைக் கணக்கிடுவது முந்தைய ஆண்டின் வரம்பிலிருந்து, விழுந்த வருவாயிலிருந்து அல்ல. குடியரசுக் கட்சி ஆளுநர் பில் ஓவன்ஸே அதை ஆதரித்தார். (ஆளுநர் என்றதும் நம் ஊர் ஆளுநர் மாளிகை நினைவு வரும், ஓர் அடிக்குறிப்பு போடுங்கள். அங்கே அவர் தேர்தலில் வென்று ஆட்சி நடத்துபவர்.)

> நம் நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்துக்கும் 'உச்சவரம்பு' பொருந்துமா?

பொருந்தாது. தமிழ்நாட்டின் 2003 சட்டம் பற்றாக்குறையைப் பார்ப்பது, வருவாயை அல்ல. சட்டமன்றமே அதைத் திருத்தவும் முடியும்.

> 'டீ-புரூசிங்'?

டேபரை எழுதிய டக்ளஸ் புரூஸின் பெயரை வைத்துப் பிறந்த கேலிச்சொல். உள்ளாட்சிகளும், பள்ளிகளை நடத்தும் அமைப்புகளான பள்ளி மாவட்டங்களும் வாக்கெடுப்பு நடத்தித் தங்களை வரம்பிலிருந்து விடுவித்துக்கொள்வது. கேலி தமிழில் வராது, பொருள் வந்தால் போதும்: 'உச்சவரம்பு விலக்கு'.

எனக்கே பிடி கிடைக்காத சொல் ஒன்று இருக்கிறது, 'எண்டர்பிரைஸ்'. அரசுக்குச் சொந்தமான, ஆனால் கட்டணத்தில் ஓடும் அமைப்பு. ஆண்டு வருவாயில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே மாநில, உள்ளாட்சி மானியம் பெற்றால் அது டேபர் வரம்புக்கு வெளியே நிற்கலாம். வரியை உயர்த்த முடியாத அரசு கட்டணத்தின் பக்கம் ஒதுங்குவது இந்த வழியில்தான். 2017-இல், மருத்துவமனைகளிடம் மாநிலம் வசூலிக்கும் கட்டணத்தை இப்படி ஓர் அமைப்பின் கீழ் மாற்றி வரம்பிலிருந்து வெளியே எடுத்தார்கள். 2020-இல் மக்கள் இதற்கும் கடிவாளம் போட்டார்கள்: முதல் ஐந்தாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் கட்டணம் வசூலிக்கும் புது அமைப்பு என்றால் வாக்கெடுப்பு வேண்டும். 'தொழில் முனைவகம்' என்று ஒருவர் தந்திருந்தார், அது ஸ்டார்ட்அப் போல ஒலிக்கிறது. 'கட்டணவழி அமைப்பு' என்பது என் கையிருப்பு, ஆனால் அரசுடைமை என்பது அதில் தெரியவில்லை. இதைவிடக் கச்சிதமாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.