எஞ்சின் கட்டிய பிறகும் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள்: பழைய கார்க்காரர்களின் குழுப் பேச்சு

மதுரைப் பத்மினி

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை நான்கு முறை கழற்றிவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி பழைய பிரீமியர் பத்மினி கார், சோலெக்ஸ் கார்புரேட்டர். சிலிண்டரைக் குடைந்து போர் போட்டு, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றி எஞ்சினைக் கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நிற்கும்போது தையல் மிஷின் போல ஓடும். நான்குவழிச் சாலையில் ஏறி இருபது கிலோமீட்டர் போனதும் இழுவை குறையும், இரண்டு குலுக்கல், அவ்வளவுதான், எஞ்சின் நின்றுவிடும். ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

எஞ்சின் கட்டிக் கொடுத்தவன் சின்னப் பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை ஊதினான், பெட்ரோல் வரத்தை மூடித் திறக்கும் நீடில் வால்வை மாற்றினான், டேங்கிலிருந்து பெட்ரோல் இழுக்கும் ஏ.சி. பம்பின் டயாஃப்ரத்தை மாற்றினான். நான்காவது முறை வண்டி நின்றபோது அவன் கடைக்கே போய், வாடிக்கையாளர்கள் முன்னால், "எஞ்சின் கட்டத் தெரியாதவன் எதற்குக் கடை போட்டாய்?" என்று கத்தினேன். அவன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். பதில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மேலூர் தாண்டி ஓர் இளநீர்க் கடை எதிரே மறுபடியும் நின்றது. லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர்போல ஒரு பெரியவர் வந்து, "மூடியைத் திறங்க தம்பி" என்றார். பானெட்டைத் தூக்கினேன். "அது இல்லை, டேங்க் மூடி" என்றார். திருகியதும் "உஸ்ஸ்" என்று சத்தம். சோடா பாட்டில் திறந்ததுபோல என்று சொல்லலாம், ஆனால் சோடாவில் காற்று வெளியே வரும். இங்கே உள்ளே போயிற்று. மறுபடி மூடிச் சிறிது நேரம் ஓடவிட்டு, லேசாகத் தளர்த்தி, விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தேன், விரலை உறிஞ்சியது.

பளபளவென்று இருக்கிறதே என்று நானே வாங்கிப் போட்ட புது மூடி. அதில் காற்றுத் துளை இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பம்பால் இழுக்க முடியாமல் போகும். நின்ற பிறகு காற்று கசிந்து உள்ளே போய்விடும், வண்டியும் நல்லபிள்ளையாகிவிடும். புது மூடியைப் போட்ட அன்று அந்தப் பையன், "பழைய மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் சார்" என்று சொன்னான். அதுதான் இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அம்பாசடர் மாமா

தம்பி, உங்கள் கதை விதிவிலக்கு. கார்புரேட்டர் என்று வரும் புகாரில் பெரும்பாலானவை டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருந்து பிளக்குக்குப் பொறி வர உதவும் பாயின்ட்டும் கண்டென்சரும்தான். என்னுடையது மார்க் 2. எஞ்சின் கட்டியபின் முதல் நெடும்பயணம், சேலத்திலிருந்து ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிகூட ஏறவில்லை, கார்புரேட்டர் வழியாக "டப் டப்" என்று திருப்பி அடிக்க ஆரம்பித்தது. ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தேன், புருவம் பொசுங்கியது. இருட்டுகிற நேரம். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியை எடுத்துவிட்டு எஞ்சினைச் சுழற்றச் சொல்லிப் பார்த்தால், பாயின்ட்டில் வெல்டிங் வைப்பதுபோல நீலப் பொறி. கண்டென்சர் சூடானதும் செத்துப்போயிருந்தது. அவ்வளவுதான் கதை.

இனிமேல் எஞ்சின் கட்டுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் வால்வு இடைவெளி. புது எஞ்சினில் அது முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே மாறும், ஹெட் போல்ட்டுகளைத் திரும்ப முறுக்கியபின் கட்டாயம் மாறும். அடுத்தது பாயின்ட் இடைவெளி, அம்பாசடருக்கு 0.015 அங்குலம். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், விசிட்டிங் கார்டு வைத்துப் பார்க்காதீர்கள். பிறகு டைமிங், அதாவது பொறி விழும் நேரம். பிறகு பிளக் ஒயர்கள், சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மாற்றிச் செருகிவிட்டு மூன்று நாள் ஜெட்டை ஊதியவர்களை எனக்குத் தெரியும். அதன்பின், கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குக் கலவை போகும் மேனிஃபோல்டின் கேஸ்கட். ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் ஐடிலிங்கில் ஓடும்போது கார்புரேட்டரின் அடியிலும் மேனிஃபோல்டு இணைப்பிலும் கிளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சமாக அடியுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. சைலன்ஸர் பக்கம் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும். பிறகு கார்புரேட்டரில் ஆக்ஸிலேட்டர் திருப்பும் த்ராட்டில் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் புஷ் போட வேண்டும், எத்தனை ட்யூனிங் செய்தாலும் ஐடிலிங் நிலையாக இருக்காது. இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் மட்டும் கார்புரேட்டரில் ஸ்க்ரூடிரைவரை வையுங்கள்.

கோப்பாய்க்காரன்

மேலே உள்ளவர் சொல்வது சரி, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும். சிறு போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேட்டருக்குள் விட்டு இயக்குவோம். எஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாறும். பிளக் எல்லாம் கரி. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கிவிடும். அதைப் பார்த்தவர்களுக்கு மற்றதெல்லாம் சின்னத் தொல்லைதான்.

ஆனாலும் அண்மையில் அண்ணாவின் மொறிஸ் மைனர் எஞ்சினைப் புதிதாகக் கட்டிய பிறகு இரண்டு கிழமை என்னை அலைய வைத்தது. மேட்டில் ஏற மறுத்தது. எஸ்.யூ. கார்புரேட்டரின் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் கீழே விழும்போது "டிக்" என்று உலோகச் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. பஞ்சில் விழுந்ததுபோல இறங்கியது. ஜெட்டை நடுவில் நிறுத்தாமலே இறுக்கியிருந்தார்கள். பிஸ்டனின் அடியில் உள்ள ஊசி ஜெட்டின் ஒரு பக்கம் உரசிக்கொண்டிருந்தது. நட்டைத் தளர்த்தி, பிஸ்டனைக் கீழே அழுத்தியபடி மறுபடி இறுக்கினேன். "டிக்." அண்ணா அதைக் கேட்பதற்காகவே இப்போதும் இரவில் கராஜுக்குப் போய் ஒருமுறை தூக்கி விடுகிறார்.

ஹெரால்டு

அம்பாசடர் மாமாவுக்கு: பாயின்ட்டைப் பார், கண்டென்சரைப் பார் என்று எனக்கும் சொன்னார்கள். நானும் இரண்டையும் மாற்றினேன், காயிலையும் சேர்த்து. என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு விடவில்லை. காலையில் பெட்ரோல் வாசனை, பிளக்கில் ஈரம், கரும்புகை.

கடைசியில், கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டினேன். "களக், களக்." பித்தளை மிதவைக்குள் பெட்ரோல்! உள்ளே பெட்ரோல் புகுந்து கனத்துப்போன மிதவை எப்படி எழும்பும், நீடில் வால்வை எப்படி மூடும்? வெந்நீரில் அமுக்கினேன், ஓரத் தையலில் ஒரே ஒரு நூல்போலக் குமிழிகள் வரிசையாக வந்தன. குண்டூசி முனைகூட இருக்காது அந்தத் துளை.

மெக்கானிக் ஈயம் வைத்துக் கொடுத்தார். மறுநாள் மீண்டும் வழிந்தது. பற்று கனமாகிவிட்டது, மிதவை தாழ்வாகவே நின்றது. எங்கள் தெருவில் நகை செய்யும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். அவர் முதலில் உள்ளே இருந்த பெட்ரோல் கடைசித் துளி வரை காய்ந்துவிட்டதா என்று மூன்று முறை கேட்டார். பிறகு பழைய ஈயத்தைச் சுரண்டி, கடுகளவு வைத்துப் பற்றி, அரத்தால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கத் தங்கம் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தார். கூலி எவ்வளவு என்று நான் கேட்டபோது, "செய்கூலி மட்டும் கொடுங்கள், சேதாரம் இல்லை" என்றார். ஒரு வருடமாகிறது. பிளக் பழுப்பு நிறத்தில் இருக்கிறது, கலவை சரி என்பதற்கு அடையாளம்.

வேடிக்கை பார்ப்பவன்

யாரும் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பற்றிப் பேசவில்லையே? பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். பழைய ஜெட்டையே வைத்துக்கொண்டு 20 சதவீத எத்தனால் ஊற்றினால் கலவை மெலியும், அதாவது காற்று மிகுந்துவிடும், எஞ்சின் இருமும். பழைய ரப்பர் குழாய், கார்க் பேக்கிங் எல்லாம் ஊறிப் பிய்யும். எஞ்சினைக் கட்டும்போதே குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

அம்பாசடர் மாமா

ஹெரால்டுக்கு: பெரும்பாலானவை என்றுதான் சொன்னேன், எல்லாமும் என்று சொல்லவில்லை. ஆசாரி விஷயம் நல்ல யோசனை. இ20க்கு ஒரு சுற்றுப் பெரிய ஜெட் போட்டால் போதும் என்கிறார்கள். பிளக் நிறத்தைப் பார்க்காமல் போடாதீர்கள். மதுரைக்காரர் அந்தப் பையனிடம் போனாரா இல்லையா?

மதுரைப் பத்மினி

போனேன். ஞாயிற்றுக்கிழமை. நான் ஆரம்பிப்பதற்குள், "மூடிதானே சார்?" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். மூன்றாவது முறை பார்த்தபோதே சந்தேகம் வந்ததாம். மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில்தான் நான் கத்தினேனாம். டீ வாங்கிக் கொடுத்தான். என்னால் அதைச் சரியாகக் குடிக்க முடியவில்லை. பழைய மூடியை மாட்டிவிட்டேன், திருச்சி வரை போய் வந்தேன், நிற்கவில்லை.

வேடிக்கை பார்ப்பவன்

அந்தப் புது மூடி சும்மா கிடக்கிறது என்றால் எனக்குத் தருவீர்களா? என் பத்மினி டேங்கில் இப்போதைக்குத் துணி அடைத்து வைத்திருக்கிறேன்.

மதுரைப் பத்மினி

தருகிறேன். முதலில் துணியை எடுங்கள், ஆபத்து. பையனிடம் கொடுத்து ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு அனுப்புகிறேன்.