கக்காக் என்றால் மலை

நான் ஹீட்டிங் மெக்கானிக். ரொறன்ரோவில் பதினெட்டு வருசமாக ஃபர்னஸ் திருத்துகிறேன். 2020 பெப்ரவரியில் ஆறு கிழமை ஒப்பந்தம் ஒன்றில் கனடாவின் வடகோடியில் இருக்கிற நுனாவுட்டுக்குப் போனேன். ஊர் பேக்கர் லேக். வின்னிபெக்கில் ஏறி, ராங்கின் இன்லெட்டில் மாறிப் போய் இறங்கினால் ஏறக்குறைய இரண்டாயிரம் சனம் இருக்கிற இடம். நுனாவுட்டில் மொத்தம் 25 ஊர்கள், ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தெரு கிடையாது. ஒரு மோட்டர் பழுதானால் புதியது விமானத்தில் வரவேணும். பாரச் சாமான் என்றால் கோடையில் ஐஸ் உருகிக் கப்பல் வரும்வரை காத்திருக்க வேணும்.

முதல் நாளே அசடு வழிந்தேன். ஒரு வீட்டில் ஏழெட்டு வயதுப் பெடியன் கதவைத் திறந்தான். காற்றோட்டப் பெட்டி வேலை செய்கிறதா என்று கேட்டேன். மூக்கைச் சுருக்கினான். என்னில் ஏதோ மணக்குதாக்கும் என்று இரண்டடி பின்னுக்குப் போய் நின்றேன். அங்கத்தைய பூர்வகுடிகளான இன்யுவிட் ஆக்கள் மூக்கைச் சுருக்கினால் ‘இல்லை’, புருவத்தை உயர்த்தினால் ‘ஓம்’. இதை எனக்கு ஒருவர் சொல்லித்தர மூன்று நாளானது.

அந்த வீட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். மூன்று அறை, பதின்மூன்று பேர். இரவில் முறை வைத்துப் படுக்கிறார்கள். பதின்மூன்று பேர் விடுகிற மூச்சு, கொதிக்கிற கேத்தில், உள்ளே காயப்போட்ட உடுப்பு, இவ்வளவு ஈரமும் வெளியே போக வழியில்லை. வெளியே மைனஸ் நாற்பது. யன்னலின் உட்பக்கம் விரல் தடிப்பில் ஐஸ் படிந்திருந்தது. சூடு ஏறும்போது அது உருகிச் சுவருக்குள் இறங்குகிறது. ஈரக் காற்றை வெளியே தள்ளவேண்டிய பெட்டியின் மோட்டர் எரிந்துபோய்விட்டது. அதனால் வரும் குளிரைத் தாங்காமல் துவாயை உருட்டி ஓட்டையை அடைத்திருந்தார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது, நானும் அடைத்திருப்பேன். மெத்தையை இழுத்துப் பார்த்தால் சுவர் கறுப்பு. கத்தியால் சுரண்டினேன். பெயின்ற், பூஞ்சணம், பெயின்ற், பூஞ்சணம் என்று படை படையாக வந்தது. எத்தனை பேர் வந்து பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அதிலேயே எண்ணலாம்.

மூலையில் ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது.

வீட்டுப் பாட்டி தேத்தண்ணியும் பானொக் ரொட்டியும் தந்தார். ஃபிரிட்ஜ் கதவில் பேப்பரில் வெட்டிய ஒரு படம், இளம் பெண். “முமிலாக்” என்றார் பாட்டி. முமிலாக் கக்காக், அந்த ஊர்ப் பிள்ளை. 2019 ஒக்டோபரில், 25 வயதில், என்டிபி கட்சி சார்பில் நுனாவுட்டின் எம்பி ஆனவர். அதற்கு முன்பே, 2017இல், நாடு முழுவதிலுமிருந்து 338 இளம் பெண்களை நாடாளுமன்ற ஆசனங்களில் இருத்திய நிகழ்வில் பேசி, சபையை எழுந்து கைதட்ட வைத்தவர். கக்காக் என்றால் மலை என்று பேத்தி மொழிபெயர்த்தாள். பாட்டி புருவத்தை உயர்த்தினார்.

மார்ச்சில் வைரஸ் வந்தது, நான் ஒப்பந்தம் முடியமுதல் திரும்பிவிட்டேன். அந்த வருசமே முமிலாக் மூன்று கிழமை ஊர் ஊராகப் போய் வீடுகளுக்குள் நுழைந்து பார்த்தார். 2021 மார்ச்சில் அந்த வீடுகளின் நிலை பற்றிய அவரின் அறிக்கை வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘காத்திருந்தே நோயாகிப் போனோம்’ என்று வரும். வேலை வாகனத்துக்குள் இருந்து ஃபோனில் வாசித்தேன். என்னுடைய வேலைத் தாளில் ‘மோட்டர் பழுது, உதிரிப்பாகம் ஓடர்’ என்று எழுத இடமிருந்தது. பதின்மூன்று பேர் என்று எழுத இடமிருக்கவில்லை. அந்தப் பிள்ளை அதைத்தான் எழுதியிருந்தது.

* * *

அண்ணா, நான் ஒட்டாவாவுல இருக்கேன், சொந்த ஊர் திருச்சி. நான் முமிலாக்கை நேர்ல பார்த்ததில்ல. 2021 ஜூன்ல அவங்க நாடாளுமன்றத்துல பேசின விடைபெறும் பேச்சை லைவ்ல பார்த்தேன். இங்க எனக்கு இடமில்லைன்னு ஒவ்வொரு அடியிலயும் ஞாபகப்படுத்துறாங்கன்னு சொன்னாங்க. எம்பியா இருந்தும் காவலர்கள் ஹால்வேல பின்னாடியே ஓடி வந்து நிறுத்தினது, லிஃப்ட்ல நின்னு தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கிட்டது, பாத்ரூம்ல போய் மூச்சு விட்டுட்டு வந்தது, எல்லாத்தையும் அந்த அவையிலேயே நின்னு சொன்னாங்க. எனக்கு அந்த லிஃப்ட் விஷயத்துல கண்ணு கலங்கிடுச்சு. நான் வேலை பார்த்த ஓரிடத்துல, கழுத்துல பேட்ஜ் தொங்கும்போதே “டெலிவரியா?”ன்னு கேட்பாங்க. நானும் லிஃப்ட்லதான் சரி பண்ணிப்பேன்.

அடுத்த தேர்தல்ல அவங்க நிக்கல. தோத்துட்டு ஓடிட்டாங்கன்னு சிலர் பேசினாங்க. எனக்கு அப்படித் தோணல. நுனாவுட் கனடாவுல அஞ்சுல ஒரு பங்கு நிலம், அதுக்கு ஒரே ஒரு எம்பி. அவங்களுக்கப்புறம் அதே கட்சியில லோரி இட்லவுட் ஜெயிச்சு வந்தாங்க.

* * *

தம்பி, தங்கச்சி இருவருக்கும். நான் மொன்றியலில் நாற்பது வருசம். கியூபெக்கின் வடக்கே இன்யுவிட் ஆக்கள் வாழ்கிற நுனாவிக் பக்கத்து நாய்களின் கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். 1950களின் நடுவிலிருந்து அறுபதுகள் முடியும்வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட சறுக்குவண்டி நாய்கள் கொல்லப்பட்டன, பெரும்பாலும் பொலிஸின் கையால். நாய் இல்லாவிட்டால் வேட்டை இல்லை, வேட்டை இல்லாவிட்டால் உலை இல்லை. 2024 நவம்பரில் கங்கிக்சுயுவாக் என்கிற நுனாவிக் ஊரில் அதற்குக் கனடா அரசு மன்னிப்புக் கேட்டது. கேட்ட அமைச்சர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஹரி ஆனந்தசங்கரி. எங்கட ஆள் ஒருவர் அரசாங்கத்துக்காக மன்னிப்புக் கேட்டதில் பெருமைப்படுவதா என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்டு அறுபது வருசத்துப் பாரத்தை இறக்கிய தேசமும் இதுதான், தம்பி சுரண்டின சுவரும் இதே தேசத்தில்தான். அந்த மோட்டர் வந்ததா, தம்பி?

* * *

வந்தது, அண்ணை. ஏப்ரலில். ஆனால் அதற்குள் வெளியாட்களை உள்ளே விடுவதை நுனாவுட் நிறுத்திவிட்டது. அது எவ்வளவு காலம் பெட்டியோடு கிடந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருசம் வேறொருவர் போய்ப் பூட்டினாராம்.